எடைமேடையோரம் நிற்கும் ஜீப்

செத்த கோழியின் சிறகைத் தூக்கி, நெஞ்செலும்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இவ ரெண்டு நாளா ஒண்ணும் திங்கலைங்க. நீங்க பாக்கலை," என்கிறார் டாக்டர் சௌந்திரம். பண்ணைக்காரர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கத்தரிக்கோல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பண்ணையின் கடைசி மூலையில், செத்ததைப் புதைக்கும் குழிக்குப் பக்கத்தில் ஒரு தீவனச் சாக்கை விரித்தால் அதுதான் அவருடைய அறுவை மேசை. குடலை நீளவாக்கில் கீறுவார். ஈரலை விரல் நுனியால் தொட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். விடிந்தும் விடியாத நேரத்தில், சுடிதாருக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக அவர் குந்தியிருப்பதைப் பார்த்தால், கூலிக்கு வந்த யாரோ என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். வாயைத் திறந்தால் அந்த நினைப்பு போய்விடும்.

கோழிகளை "இவ", "அவ" என்றுதான் சொல்வார். முட்டைக் கோழிகள் அத்தனையும் பொம்பளைங்கதானே, அதுஇதுன்னு எப்படிச் சொல்றது என்பது அவர் வாதம். ஆனால் முட்டையைத் தொடமாட்டார். பண்ணை வீடுகளில் அன்போடு முட்டை தோசை ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினால், "நாள் முழுக்க அவளுக மூஞ்சியைப் பாக்கறேன், அவளுகளை எதுக்குங்க தின்னுட்டு," என்று வெறும் தோசைக்குக் காத்திருப்பார்.

நாமக்கல்லில் உள்ள ஒரு கோழித்தீவன நிறுவனத்தின் கள மருத்துவர் அவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தீவனம் வாங்கும் பண்ணைகளுக்குப் போய் நோய் பார்ப்பது வேலை. அதற்காக நிறுவனம் கொடுத்திருக்கும் வெள்ளை ஜீப்பைத் தானே ஓட்டுகிறார். பண்ணைக் கதவுக்கு வெளியிலேயே அதை நிறுத்திச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பார். உள்ளே போக எவ்வளவு நல்ல சாலை இருந்தாலும் நடந்துதான் போவார். ஒரு பண்ணையின் நோயை அடுத்த பண்ணைக்குக் கொண்டுபோகிற முதல் ஆள் டாக்டர்தான் என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஊர் பரமத்தி வேலூர். கணவர் சென்னியப்பனுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. கூடவே வாசல் நிறைய நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. சௌந்திரத்துக்கு அதில்தான் தீராத தகராறு. ஊர் மேயும் நாட்டுக்கோழியிடம் எந்த நோய் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் எச்சத்தை மிதித்த டயர் ஒரு பெரிய பண்ணையின் வாசலுக்குப் போனால் போதும், ஆயிரக்கணக்கில் விழும். கோழிகளைக் கொடுத்துவிடச் சொல்லி அவர் கேட்காத நாள் இல்லை.

"கோழி டாக்டரம்மா ஊட்ல ஒரு கோழி இல்லீன்னா ஊரு சிரிக்காதா அம்மணி," என்பார் சென்னியப்பன்.

"சிரிக்கட்டும்."

"நீ சம்பளத்துக்குப் பாக்கறே. நான் ஆசைக்கு வெச்சிருக்கறேன். ரெண்டும் ஒண்ணாகுமா?"

ஆகாது என்று முடிவானபின் சௌந்திரம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். நாமக்கல் சாலையில் ஊருக்கு முன்னால் ஓர் எடைமேடை இருக்கிறது. கரும்பு லாரிகள் எடை போடுகிற இடம், சுற்றிலும் கம்பிவேலி. வீட்டுக்கு வரும்போது ஜீப்பை அந்த வேலிக்குள் நிறுத்திவிடுவார். அங்கேயே குழாயடியில் கை கால் கழுவி, செருப்பை மாற்றி, வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடப்பார். விடியலில் குளித்துவிட்டு வேறு துணியில் அதே வழியாகத் திரும்பி வருவார். மழைக்காலத்தில் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். சொந்த வீட்டின் வாசலை அந்த ஜீப் பார்ப்பதில்லை.

இந்த ஏற்பாட்டை அவர் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பல் துலக்குவதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் நிறுவனத்தின் எல்லா வண்டிகளிலும் இருப்பிடம் காட்டும் கருவி இருக்கிறது. இரவானால் சௌந்திரத்தின் ஜீப் பரமத்தி வேலூரில் ஒரு புள்ளியாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிற்கும். தை மாதத்தில் ஒருமுறை தொடர்ந்து மூன்று நாள், வேலை நாட்களிலேயே, ஓரிடத்தைவிட்டு அசையாமல் நின்றிருந்தது. கணக்குப் பிரிவில் இருக்கும் மதுமதி கவனமான பெண். ஆண்டுக் கடைசியில் வரிக் கணக்கு எழுதும்போது அந்தப் புள்ளியைப் பார்த்து, ஊழியர் வீட்டில் நிற்கும் வண்டி, சொந்த உபயோகமும் உண்டு என்று குறித்துவிட்டாள். அப்படிக் குறித்தால் அந்த ஜீப் வேலைக்கான வண்டி அல்ல, நிறுவனம் ஊழியருக்குக் கொடுத்த சலுகை. சலுகையின் மதிப்பு சம்பளத்தோடு சேரும், அதற்கும் வரி பிடிப்பார்கள்.

எழுதி முடித்தபின் மதுமதி கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும், சௌந்திரம் அவள் மேசை முன்னால் போய் நின்றார். பூட்ஸைக் கழற்றியிருந்தாலும் கிருமிநாசினி வாடை அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"வரி போனாப் போகுது அம்மணி. சலுகைன்னு எழுதியிருக்கறயே, ஒரு நாளைக்கு அதுல ஏறி உக்காந்து பாத்தியா நீ? உங்க ஊட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போற வண்டியா அது?"

"மேடம், நான் சட்டப்படிதான் போட்டேன். வண்டி உங்க ஊட்ல நிக்குது."

"ஊட்ல நிக்கலை."

"வேலூர்லதானே நிக்குது?"

"வேலூர் முழுக்க எம்பட ஊடா?"

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். நல்ல மனிதர், தகராறு பிடிக்காதவர். "சிம்பிள் மேடம். சாயங்காலம் சாவியை இங்க குடுத்துட்டு பஸ்ல போயிருங்க. காலைல வந்து எடுத்துக்குங்க. ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார்.

அப்போதுதான் சௌந்திரம் உண்மையாகவே பயந்தார். அவர் பார்க்கும் பண்ணைகளில் பாதி வேலூர், மோகனூர்ப் பக்கம். கோழிகள் பெரும்பாலும் இரவில் சாகும். விடியலில் பொறுக்கிக் குழியில் போட்டுவிடுவார்கள். "நான் மொத பஸ்ஸுல இங்க வந்து, வண்டியை எடுத்துக்கிட்டு மறுபடி வேலூருக்கே போகோணும். அதுக்குள்ள செத்தவளையெல்லாம் குழியில தள்ளிச் சுண்ணாம்பு போட்டிருப்பாங்க. நான் யாரைங்க அறுத்துப் பாக்கறது? சுண்ணாம்பையா?"

போன ஐப்பசியில் மோகனூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் ஒரு கொட்டகையோடு நோய் நின்றதற்குக் காரணம், சௌந்திரம் விடியலில் அங்கே இருந்ததுதான் என்பது மேலாளருக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு கணக்குதான். கடைசியில் சேலம் சூரமங்கலத்திலிருந்து வரும் ஆடிட்டர் நவநீதகிருஷ்ணன் சொல்வதுபோல் செய்வது என்றும், அவரும் சொந்த உபயோகம் என்று சொன்னால் சாவி அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்றும் முடிவானது.

நவநீதகிருஷ்ணனுக்கு முப்பது வயதுகூட இராது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "முழுக்க ஆபீஸ் வேலைக்கு மட்டும்னு காட்ட முடிஞ்சா மாத்திரலாங்க. ராத்திரி நிக்கற இடத்தை நானே ஒருதடவை பாத்துடறனே," என்றார்.

அன்று மாலையே கிளம்பினார்கள். ஜீப்பில் ஏறப்போனவரைச் சௌந்திரம் தடுத்தார்.

"தம்பி ஊட்ல கோழி, புறா, கிளி ஏதாச்சும் வளக்கறீங்களா?"

"இல்லீங்க."

"சொந்தக்காரங்க ஊட்ல?"

ஆடிட்டர் யோசித்தார். "அக்கா ஊட்ல லவ் பேர்ட்ஸ் இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை போயிருந்தேன்."

"இதே ஷூவா?"

"ஆமாங்க."

சௌந்திரம் பின்பக்கத்திலிருந்து தெளிப்பானை எடுத்துவந்து, அவருடைய பளபளப்பான காலணிகளை மேலும் கீழும் நனைத்தார். பிறகு தடுப்பூசி வைத்திருந்த ஐஸ் பெட்டியை அவர் மடியில் வைத்து, "குலுங்காமப் புடிச்சுக்குங்க," என்றார். ஈரக் காலும் குளிர்ந்த தொடையுமாக ஆடிட்டர் நாமக்கல்லிலிருந்து வேலூர் வரை உட்கார்ந்து வந்தார். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டும் அந்த வாடை போகவில்லை. வழியில் ஒருமுறை, "மேடம், இதைச் சலுகைன்னு எழுதினது தப்புதானுங்க," என்றார். சௌந்திரம் சாலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

எடைமேடைக் காவலர் ஆண்டி வேலிக்கதவைத் திறந்துவிட்டார். ஜீப் வழக்கமான இடத்தில் நின்றது. ஆடிட்டர் ஆண்டியிடம் விசாரித்தார்.

"மழை பேஞ்சாலும் நடந்துதானுங்க போவாங்க," என்றார் ஆண்டி. "எஞ் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்லிப் பாத்தனுங்க. சைக்கிளும் திரும்பி இங்கதான வரோணும், அதுக்கு வேற யாரு மருந்தடிக்கறதுன்னு கேக்கறாங்க. ரெண்டு காலுக்கும் அடிச்சுக்கறாங்களே, ரெண்டு சக்கரத்துக்கு அடிச்சா என்னங்க?"

ஆடிட்டர் சிரித்தார். கைபேசியில் வேலியையும் ஜீப்பையும் வாய்க்கால் கரையையும் படம் எடுத்துக்கொண்டார். வேலை முடிந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"அப்ப ஒரு நாள்கூட வண்டி உங்க ஊட்டுக்குப் போனதில்லை. அப்படி எழுதிக்கறேங்க."

ஆண்டி வேகமாகத் தலையை ஆட்டினார்.

"ஒரு நாள் போச்சுங்க," என்றார் சௌந்திரம்.

ஆண்டியின் தலை நின்றுவிட்டது. சௌந்திரம் நடந்ததைச் சொன்னார்.

தை மாதம், கொடிக்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த சென்னியப்பனைப் பாம்பு கடித்தது. சௌந்திரம் எடைமேடைக்கு ஓடிவந்து ஜீப்பை எடுத்தார். நேராக வாசலுக்குள், கோழிகள் சிதறி ஓட, கொண்டுபோய் நிறுத்தி, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனார். சென்னியப்பன் பிழைத்துக்கொண்டார். ஜீப்பை எடைமேடைக்குக் கொண்டுவந்து அடிமுதல் நுனிவரை கழுவி, மருந்தடித்து, வெயிலில் காயவிட்டார். மூன்று நாள் அது எந்தப் பண்ணைப் பக்கமும் போகவில்லை. கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மூன்று நாளும் பண்ணைக்காரர்களுக்குப் போனிலேயே மருந்து சொன்னார். மறுவாரம் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, அந்த ஓட்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். மேலாளர், உயிர் போகிற காரியத்துக்குப் போய் கணக்கா என்று கைகூப்பி அனுப்பிவிட்டார்.

ஆடிட்டர் கைபேசியைக் கீழே இறக்கினார். "இதை நீங்க சொல்லியிருக்க வேண்டியதில்லைங்க. ஒரு தடவைன்னாலும் சொந்த உபயோகம் சொந்த உபயோகம்தான். இப்ப நான் எப்படி ஆபீஸ் வேலைக்கு மட்டும்னு எழுதறது?"

"எழுத முடியலைன்னா உடுங்க. சாவியைக் குடுத்தர்றேன்." சௌந்திரம் ஜீப்பிலிருந்து சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். "தெனமும் பண்ணைக்காரங்ககூட நான் போடற சண்டை இது ஒண்ணுதானுங்க தம்பி. செத்தது எத்தனைன்னு கொறச்சுச் சொல்லாதீங்க, நாப்பது செத்துட்டு நாலுன்னு சொன்னா நான் எதை வெச்சு நோயைக் கண்டுபிடிக்கறதுன்னு கேப்பேன். நானே கொறச்சுச் சொன்னா நாளைக்கு எந்த வாயில போயிக் கேக்கறது?"

எடை போட வந்த ஒரு கரும்பு லாரி மேடையில் ஏறி நின்றது. ஆண்டி அந்தப் பக்கம் போனார். ஆடிட்டர் மதுமதிக்குப் போன் செய்தார். தை மாத ஓட்டம் ஒன்றை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டும், அதற்கு வாடகைக் காருக்கு ஆகும் தொகையை டாக்டரிடம் வசூலித்து ரசீது போட வேண்டும், மேலாளருக்கு அப்போதே தெரியும் என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும், மீதி ஆண்டு முழுக்க வேலைக்கான வண்டிதான், இனிமேல் ஒவ்வொரு பயணத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்றார்.

மறுமுனையில் மதுமதி விடவில்லை. "மூணு நாள் சும்மா நின்னது?"

"மருந்தடிச்சுக் காயப்போட்டிருந்தாங்களாம்."

"அதை அவங்க என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

சௌந்திரம் போனை வாங்கினார். "நீ கேக்கவே இல்லியே கண்ணு. எழுதிட்டுத்தான கூப்பிட்டே."

"தப்புதானுங்க மேடம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் சார்கிட்டச் சொல்லிக்கறேன்."

"தப்பெல்லாம் இல்லை. நீயும் கொறச்சு எழுதாம இருந்தியல்ல, அது போதும்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இருட்டத் தொடங்கியிருந்தது. வாய்க்கால் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. ஆடிட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பின் கதவைத் திறந்தார்.

"வேலூர் பஸ் ஸ்டாண்டுல என்னை இறக்கி உட்டுருங்க மேடம். சேலம் பஸ்ஸைப் புடிச்சுக்கறேன்."

சௌந்திரம் நகரவில்லை. "ஏந் தம்பி, இப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி எடுத்தா, அது என்ன வேலைங்க?"

கதவைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "ஆபீஸ் வேலைன்னும் சொல்லலாங்க. ஆனா..."

"ஆனா?"

"சந்தேகந்தானுங்க," என்றார் ஆடிட்டர், கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டே.

சௌந்திரம் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆடிட்டரின் தோளிலிருந்து கணக்குக் கோப்புகள் இருந்த கனமான பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். தூரத்தில் கரூரிலிருந்து வரும் சேலம் பேருந்தின் விளக்கு தெரிந்தது. கிருமிநாசினி மணக்கும் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி ஏற்றிவிட்டுக்கொண்டு, சாலையின் விளிம்பில் நின்று, பேருந்தை நிறுத்தக் கையை நீட்டினார்.