சொல்தா வீட்டு ஏரோப்ளேன் தெருவுக்கு வந்த கதை

ஒகுஸ்த் வீட்டுக் கார் பன்னிரண்டு வருடமாகத் தெருவில்தான் நிற்கிறது. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து அதன் கூரைச் சாயமெல்லாம் உரிந்து போயிற்று. கார் நிற்க வேண்டிய ஷெட்டில் ஏரோப்ளேன் நின்றது. இரண்டு பேர் உட்காரும் சின்ன ப்ளேன். அவரே குழாய் அறுத்து, பற்றவைத்து, துணி போர்த்திக் கட்டியது. ஒரு நாளும் பறந்ததில்லை.

கிறுக்கு என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஒகுஸ்தின் அப்பா மிக்காயேல் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சித்தப்பா இரண்டு பேரும் பட்டாளம்தான். தாய்மாமன் ஒருத்தர் மட்டும் கோர்ட்டில் குமாஸ்தா. ஒகுஸ்தும் பதினெட்டு வயதில் அதே பட்டாளத்தில் மெக்கானிக்காகப் போய்ச் சேர்ந்து, ஹெலிகாப்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தே பதினைந்து வருடத்தைக் கழித்து, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பினார். தெருவில் இன்றைக்கும் அது சொல்தா வீடுதான். அடுத்தவன் செய்ததை ஒட்டுப் போட்டே வயசு போயிற்றே, ஒன்றை நாமே செய்து பார்ப்போம் என்று அறுபது வயதில் ஆரம்பித்தார். காகிதம், அனுமதி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்வதற்குள் சர்க்கரையும் கண்புரையும் வந்து சேர்ந்துவிட்டன.

இப்போது ஷெட் வேண்டியிருந்தது. அவர் மனைவி ஜிஸ்லேனுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. படுக்கை மாடியில், ஏறி இறங்கப் பத்தொன்பது படி. நாலு மாதமாக அவள் பூசைக்குக்கூடப் போகவில்லை. அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கப்புறம் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கீழே கூடத்தில் கட்டில் போட்டால் ஆள் நடக்க முடியாது. ஷெட்டைத்தான் அறையாக்க வேண்டும். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். அதற்குள் ப்ளேன் வெளியே போயாக வேண்டும்.

போகிற இடம் உழவர்கரையில் ஜமாலின் பட்டறை. ஜமால் வேறு ஆள் இல்லை. அவருடைய பாட்டனார் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தபோது, ஊருக்கு அனுப்பும் கடுதாசியெல்லாம் மிக்காயேல் கையில்தான் கொடுத்தனுப்புவார். அப்படி வந்த உறவு. வெள்ளிக்கிழமையே இறக்கை இரண்டையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோயாயிற்று. மிச்சமிருந்தது உடம்பு.

ஒகுஸ்துக்கு ஒரே ஒரு ஆசை. பறக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த வீட்டைவிட்டுத் தன் சக்கரத்தில் உருண்டு போகட்டும். தெருமுனை வரைக்குமாவது. அங்கே ட்ராக்டர் டிரெய்லர் நிற்கும்.

சனிக்கிழமை காலையில், கீறல் படாமலிருக்க ப்ளேனுக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பு நாலைந்தைச் சுற்றிக் கட்டி, ஒகுஸ்தும் ஜமாலுமாகத் தள்ளினார்கள். எதிர்வீட்டு மாலா கையில் வாளியோடு நின்று பார்த்தாள்.

"என்னாண்ணே, இன்னைக்காச்சும் பறக்குமா?"

"பறக்கும்மா. ட்ராக்டர்ல."

மூக்கு வெளியே வந்தது. சக்கரம் சரிவில் ஏறியது. ஏறியதும் தலைக்குமேல் 'டங்'கென்று ஒரு சத்தம். ப்ளேனின் கூரை வாசல் லிண்டலில் போய் முட்டிக்கொண்டது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒகுஸ்த் டேப் பிடித்து அளந்தது தப்பில்லை. நாலு விரல் இடைவெளி இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு தெருவுக்கு மூன்று தடவை ரோடு போட்டார்கள். பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் ரோடு ஓரடி உயர்ந்தது, ஷெட் பள்ளத்துக்குப் போயிற்று. வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏற அவரேதான் சிமெண்டில் சரிவு போட்டார். சக்கரம் இருப்பது மூக்குக்கு அடியில். அது சரிவில் ஏறினால், பின்னாலேயே லிண்டலுக்கு அடியில் வருகிற கூரையும் சேர்ந்து ஏறும். வாசலை அளந்தவர் சரிவை அளக்கவில்லை.

டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார்கள். முட்டத்தான் செய்தது.

"வாலு முன்னால வந்திருந்தா போயிருக்கும்ணே," என்றார் ஜமால். "கூரை வெளிய போன பிறகுதான் சக்கரம் சரிவுக்கே வரும். எதுக்கு இப்டி வச்சுக் கட்டுன?"

முதல் குழாய்ச் சட்டத்தை உள்ளே வைத்த அன்று, ஒகுஸ்தின் அம்மா தனக்கொடி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு வயது. தெருப்பக்கம் வால் இருப்பதைப் பார்த்ததும், "கால் முன்னால போறது பொணந்தான்டா. தலைய வாசப்பக்கம் வை" என்றாள். வைத்தார். மறுவருடம் அவளே கால் முன்னால் போனாள். அதற்கப்புறம் திருப்பிவைக்க மனசு வரவில்லை. இப்போது திருப்ப இடமும் இல்லை. ஷெட்டின் அகலம் ப்ளேனின் நீளத்தில் பாதி.

"சரி, மேல ரெண்டு குழாய அறுத்துடுவோம்," என்றார் ஜமால். "பட்டறையில வச்சி பத்தவச்சுக்கலாம். அறுத்ததே தெரியாது."

"கீழ தெரியாது. மேல போனா தெரியும்."

"நீ மேல போவப் போறியா என்ன?"

சொன்ன பிறகு ஜமால் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒகுஸ்த் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. அசதி. பன்னிரண்டு வருட அசதி அந்த ஒரு கேள்வியில் முதுகில் வந்து ஏறியது மாதிரி இருந்தது.

ஜமால் சும்மா இருக்கவில்லை. குருசுக்குப்பத்து நெடுமாறனுக்கு போன் போட்டார். நெடுமாறனின் அத்தை இந்த வீட்டுக்கு இருபது வருடம் மீன் கொடுத்தவள். படகு கரைக்கு வந்த பிறகு, பத்து மணி வாக்கில், ஏழு ஆட்களும் மூங்கில் கழியும் கயிறுமாக நெடுமாறன் வந்து நின்றான். குனிந்து பார்த்தான், சுற்றி வந்தான்.

"காலக் கழட்டிடுங்கய்யா. சக்கரம் போனா ரெண்டடி எறங்கிடும். வயித்துக்கு அடியில கயிறு குடுத்து, எட்டு பேரு தோள்ல தூக்கிக்கிறோம். எங்களுக்கு தெனமும் இதான வேல."

"தோள்லயா?"

"வேற எதுல?"

ஒகுஸ்த் ப்ளேனைப் பார்த்தார். உடம்பெல்லாம் வெள்ளைத் துணி. எட்டு பேர் தோள். "கொஞ்சம் இருங்கப்பா," என்று மட்டும் சொன்னார். கால் மணி நேரம் போயிற்று. ஒருத்தன் பீடி பற்றவைத்தான்.

அப்போதுதான் உள்ளே மாடிப்படியில் ஏதோ உரசுகிற சத்தம். போய்ப் பார்த்தால் ஜிஸ்லேன். நிற்க முடியாமல், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் மாட்டிக்கொண்டாள். மேலும் போக முடியவில்லை, கீழும் வர முடியவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"உன்ன யாரு எறங்கச் சொன்னது?"

"தள்ளுற சத்தம் கேட்டுது. அப்பறம் சத்தமே இல்ல. அதுக்கு அடியில மாட்டிக்கிட்டீங்களோன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கினாள். "போச்சா?"

"போவுது," என்றார். "முடிச்சுட்டு வாங்க, நான் இங்கியே ஒக்காந்திருக்கேன்," என்றாள் அவள். அவர் திரும்பி வாசலைப் பார்த்து, "கழட்டிடலாம் நெடுமாறா" என்று குரல் கொடுத்தார்.

ஆனால் வேறு யாரையும் தொடவிடவில்லை. போல்ட் கழலாமலிருக்க அவர் கையால் முறுக்கிய கம்பிகளை அவரே வெட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று. வலது சக்கரம் கையோடு வந்தபோது அதைத் துடைத்து, சுவரோரம் சாய்த்துவைத்தார்.

எட்டுப் பேரும் கழிக்குத் தோள் கொடுத்தார்கள். கடலோரத்தில் என்றால் சத்தம் போட்டுத்தான் தூக்குவார்கள். ஒருத்தன் வாயைத் திறந்தான். நெடுமாறன் கண்ணாலேயே அடக்கினான். லிண்டலுக்கு அடியில் ஒன்றும் உரசாமல், மூக்கு முன்னால், ப்ளேன் தெருவுக்கு வந்தது. அந்த வழியாக சைக்கிளில் போன கிழவர் ஒருத்தர் இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"யோவ் பெரியவரே," என்றார் ஜமால், "சம்பந்தப்பட்ட ஆளு உசுரோட இங்கதான் நிக்கிறாரு."

தூக்கியவர்களுக்குச் சிரிப்பு வந்து கழி ஆடியது. மாலா சிரித்தாள். ஒகுஸ்தும் சிரித்தார், கொஞ்சம்.

டிரெய்லரில் ஏற்றிக் கட்டி முடித்ததும் ஜமால் கூப்பிட்டார். "வாண்ணே, முன்னால ஒக்காரு. நீயே வந்து எறக்கி வை."

"நீ போ ஜமாலு. சக்கரத்த மட்டும் மறக்காம எடுத்துக்க. இவள மேல ஏத்தணும்."

ஜமால் கட்டாயப்படுத்தவில்லை. ட்ராக்டர் திரும்புவதை ஒகுஸ்த் நின்று பார்க்கவுமில்லை.

ஜிஸ்லேன் அதே படியில்தான் இருந்தாள். இரண்டு படி கீழே நின்று, அவள் இடுப்பைத் தாங்கி ஒவ்வொரு படியாக ஏற்றினார். மூன்று படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார்கள். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு தரமாவது நான் அதுல ஒக்காந்து பாத்திருக்கலாம்," என்றாள்.

"ஒக்காரலாம். ஏறுறதுக்கு ரெண்டு மெதிப்படி இருக்கு."

"அப்ப வேணாம்."

இன்னும் ஏழு படி இருந்தது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அடுத்த படிக்குக் கை கொடுத்தார்.