மகத்து மழைக்கு ஒரு துடைப்பம்

முற்றத்தில் செப்புக் குழாய் களகளவென்று பேசத் தொடங்கியது. அடுப்படியில் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்த தரளிகாபென் கட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மாடியில் விழும் மழையை முற்றத்துக்கு அடியிலுள்ள தொட்டிக்கு இறக்கும் குழாய் அது. இரண்டு வருஷமாய் வானம் ஏமாற்றியதில் தொட்டியின் அடித்தரை தெரிந்தது. இன்றுதான் இந்த வருஷத்தின் முதல் மழை. அதுவும் ஆவணியில், சூரியன் மகத்தில் நிற்கும்போது!

தண்ணீரைத் தெருவுக்கோ தொட்டிக்கோ திருப்பிவிடும் குழாயின் திருகில் கணவர் நௌதம்பாய் கை வைத்திருந்தார்.

"மகத்து மழை! கங்கைக்குச் சமம். தொட்டிக்கே விட்டுடறேன்."

"கைய எடுங்க! மாடியெல்லாம் புறா எச்சம். மொத மழை தெருவுக்குத்தான்."

"இதுவே கடைசி மழையா போயிட்டா?"

அகமதாபாத்தின் இந்தச் சந்துக்கு மருமகளாய் வந்த நாள் முதல் அந்தத் தொட்டிக்கு அவள்தான் தாய். வருஷம் தவறாமல் மழைக்கு முன்பே மாடியைக் கழுவிவிடுவாள். வராத மழைக்கு எதற்கென்று இந்த வருஷம்தான் சலித்துப்போய் விட்டுவிட்டாள். பாவி, தாயே பிள்ளையை மறந்தாளே!

துடைப்பத்தோடு மாடியேறினாள். கண்ணீரும் மழையும் கலந்து வழிய, குனிந்து தேய்த்தாள்.

"இந்த வயசுல மழையில ஆட்டமா, பென்?"

ஒட்டிய மாடியில் பக்கத்து வீட்டு ஜசுமதிபென். தை மாதக் காற்றாடித் திருவிழாவில் மூண்ட சண்டைக்குப் பின் இன்றுதான் அக்கா என்கிற அந்தப் 'பென்'னோடு வாய் திறக்கிறாள்.

"உனக்கென்ன! தொட்டிய மூடிப் பளிங்கு போட்டவ. தாகமெடுத்தா பளிங்க நக்கிக்கோ!"

"நக்கறேன். மொதல்ல அந்த மூலைய விடு, நான் தேய்க்கறேன்."

சேலையைச் செருகிக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்துவிட்டாள். இருவரும் மூச்சிரைக்கத் தேய்த்தார்கள். கறுப்பாய் ஓடிய தண்ணீர் பழுப்பாகி, பழுப்பு கண்ணாடியானது.

"இப்போ திருப்புங்க!" என்று தரளிகாபென் கத்தினாள்.

தொட்டிக்குள் தண்ணீர் விழுந்த ஓசையில் அவள் உடம்பே சிலிர்த்தது. மாலையில் மழை ஓய்ந்தபோது தொட்டி பாதிதான் நிறைந்திருந்தது.

"எச்சத்தோட விட்டிருந்தா முக்கால் தொட்டி," என்று சீண்டினார் நௌதம்பாய்.

"அத நீங்க குடிச்சிருப்பீங்களா? குடிக்க மட்டும்னு வச்சா அடுத்த மழை வரைக்கும் இது போதும்."

ஈரச் சேலையோடு இஞ்சி டீயை உறிஞ்சிவிட்டு ஜசுமதிபென் எழுந்தாள். தரளிகாபென் பித்தளைக் குடத்தைத் தொட்டிக்குள் இறக்கி, நிறைத்து, அவள் இடுப்பில் ஏற்றினாள்.

"உங்களுக்கே பாதிதானே, பென்?"

"பேசாம போ. சிந்தினா கால ஒடிச்சிருவேன்."

ஒரு சொட்டும் சிந்தாமல் படியிறங்கிப் போனாள் ஜசுமதிபென். தரளிகாபென் நிறைந்த மனதோடு கதவைச் சாத்தினாள்.