நான்காம் பாகத்தின் ஈர முனை

இது கட்டிய கதை இல்லை. போன டிசம்பரில், கொல்கத்தா லேக் கார்டன்ஸில், என் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே நடந்தது. கேட்ட பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டை ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது.

அந்த மேல்வீட்டு மஞ்சுளாவின் கணவர் மகேஷ் வங்கி அதிகாரி. மகள் ஹம்சினிக்குப் பத்து வயது. கைக்குழந்தையாகக் கொல்கத்தா வந்தவள். பள்ளி, தோழிகள், கார்ட்டூன் எல்லாமே பெங்காலி. அம்மா தமிழில் கேட்டால் பெங்காலியில்தான் பதில் வரும். பெற்ற பிள்ளையோடு பேச நடுவில் ஆள் வைக்க வேண்டும் போலிருக்கிறதே என்று மஞ்சுளா என்னிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறாள்.

அதை மாற்றியது ஒரு நாவல். 'செம்புத் தீவு' என்ற மாயாஜாலத் தொடர். ஏழு பாகம் என்று அறிவித்து ஆறு வரை வெளிவந்திருந்தது. மாலையில் மஞ்சுளா வாசிப்பாள். நிறுத்தினால் ஹம்சினி தமிழில் கேட்பாள்: "அப்புறம்?" அந்த ஒரு சொல்லுக்காகவே தொண்டை வறள வாசித்தாள் மஞ்சுளா.

மூன்றாம் பாகம் முடிந்தது. ஐந்தும் ஆறும் அலமாரியில் தயாராக இருந்தன. நான்காம் பாகம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. பதிப்பகத்தில், "அச்சுல இல்லீங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகள் முழுக்க அலைந்து பார்த்தாள். ஊரிலிருந்த தங்கையை விரட்டிப் பார்த்தாள். இதற்குள் ஹம்சினி மறுபடி பெங்காலிக்கே போய்விட்டாள். கடைசியில் இங்குள்ள தமிழர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டாள். அன்றே பதில் வந்தது. பாலிகஞ்சில் ராஜலக்ஷ்மி என்ற அம்மாளிடம் இருக்கிறதாம்.

ராஜலக்ஷ்மி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார்.

"என் தம்பி வைத்தீஸ்வரனோட புஸ்தகம். அவன் போய் மூணு வருஷம் ஆச்சு. உங்காத்துல யார் படிப்பா?"

"நானும் பொண்ணும், மாமி."

"ரெண்டு பேரா? ரொம்ப நல்லதாப் போச்சு. எடுத்துண்டு போங்கோ. திருப்பித் தர வேண்டாம்."

புத்தகம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. முடிச்சுமேல் முடிச்சு. அதைக் கையால் தொடாமல், அடுப்படி இடுக்கியால் தூக்கிக் கொடுத்தார். ஏதோ மடி, ஆசாரம் என்று மஞ்சுளா நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் முடிச்சை அவிழ்த்ததும் வாடை அடித்தது. ஜர்தாப் புகையிலை போட்ட வெற்றிலை எச்சிலின் புளித்த வாடை. ஒவ்வொரு தாளின் கீழ் முனையும் சிவந்து, ஊறி, காய்ந்து, வடகம் போல விறைத்திருந்தது. எச்சில் தொட்டுத் தாள் புரட்டுகிற மனிதர்! பாதிப் புத்தகம் வரை அப்படி. அந்தப் பாதியின் கடைசிச் சில தாள்களில் மட்டும் சிவப்பு இல்லை, வெறும் எச்சில் காய்ந்த சுருக்கம். அதற்குப் பிறகு எல்லாம் சுத்தமான தாள்கள்.

"ஈஷ்! ச்சீ, மா!" என்று ஹம்சினி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பழக்கத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்த பஸ் கண்டக்டரோடு சண்டையே போட்டிருக்கிறேன். மஞ்சுளாவும் முதலில் புத்தகத்தைத் தூரத் தள்ளித்தான் வைத்தாள். ஆனால் வேறு பிரதிக்கு எங்கே போவது? பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு முனையாகத் துடைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். "அப்புறம்?" திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு அது போதும்.

கறைபட்ட பாதி முடியும்வரை ஒன்றுமில்லை. சுத்தமான பாதி தொடங்கியது. புரட்டிய தாளின் முனை விரலில் பிசுபிசுத்தது. ஈரம்... புது ஈரம்.

"ஏய், நாக்குல தொட்டுப் புரட்டினியா?"

"நான் புக்கைத் தொடவே இல்ல மா. நீதான்," என்று பெங்காலியில் சொன்னாள் ஹம்சினி.

"நானா? நான் எங்கடி விரலை நக்கினேன்?"

"நக்கல. பேஜ் முடிஞ்சதும் வாயைத் திறந்து நாக்கை நீட்டறே. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கே. அப்புறம் பேஜ் திரும்புது."

மஞ்சுளா சிரிக்கப் பார்த்தாள். நாக்கில் ஜர்தாவின் காரம் ஏறியிருந்தது. அவள் ஆயுளில் வெற்றிலை போட்டதில்லை.

அன்று பல் துலக்கத் துலக்க எச்சில் சிவப்பாகவே வந்தது.

மறுநாள் மாலை ஐந்து மணி. டிசம்பரில் இங்கே அதற்குள் இருட்டிவிடும். நாக்கு நீளாமல் இருக்கட்டும் என்று மஞ்சுளா முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசித்தாள். கீழே தெருவில் ரிக்‌ஷாவின் ஹாரன் ஒலித்து ஓய்ந்தது. பக்கம் முடிந்தது. வாய் தானாகத் திறக்கவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தாள்.

எதிரே ஹம்சினி வாயைத் திறந்திருந்தாள். நாக்கு வெளியே நீண்டிருந்தது. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது.

அந்த நாக்கின் நடுவில் ஒரு குழி விழுந்தது...

யாரோ விரல் வைத்து அழுத்துவது போல...

குழி மெல்ல நகர்ந்தது. நுனிவரை வந்தது.

சளக்.

மஞ்சுளாவின் மடியில் தாள் புரண்டது.

விடிந்ததும் பாலிகஞ்சுக்கு ஓடினாள். ராஜலக்ஷ்மி காபி குடித்துக்கொண்டிருந்தார். வந்தவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"உங்க தம்பிக்கு என்ன ஆச்சு?"

"நாக்குல புத்துநோய். ஆபரேஷன் பண்ணி நாக்கையே எடுத்துட்டா. எச்சில் தொடாம அவனுக்குத் தாள் புரட்ட வராது. விரலை என் வாய்கிட்ட நீட்டுவான். நானும் நாக்கை நீட்டுவேன். கூடப்பிறந்தவனாச்சே... பாதிப் புஸ்தகத்துல போயிட்டான். விரல் மட்டும் தினம் வந்துது."

"நீங்களே படிச்சு முடிச்சிருக்கலாமே?"

"எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. கதை முடிஞ்சா போயிடுவான்னு தோணறது." ஒரு வாய் காபியை நாக்கில் நிறுத்தி ரசித்து விழுங்கினார். "மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் காபி காபியா இருக்கு."

தெரிந்தே, குழந்தை இருக்கிற வீடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டே கொடுத்திருக்கிறார். அந்த அம்மாளை நினைத்தால் எனக்கு இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மஞ்சுளா அன்றிலிருந்து மாலையில் ஹம்சினியை என் வீட்டில் விட்டுவிடுவாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாசிப்பாள். பக்கத்துக்குப் பக்கம் தன் நாக்கையே நீட்டினாள். மகளுக்கு வராமல் இருந்தால் சரி. நான்கு முடிந்தது. ஐந்து முடிந்தது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்து, ஆள் துரும்பாக இளைத்துப்போனாள். ஆறாம் பாகத்தின் கடைசித் தாளில் 'ஏழாம் பாகம் விரைவில்' என்று போட்டிருந்தது. அன்றோடு விரல் நின்றது.

போன வாரம் பதிப்பகத்துக்கு நானே போன் செய்து விசாரித்தேன். ஆசிரியர் இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டதாம். ஏழாம் பாகத்தில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையாம்.

சொல்லலாம் என்று மேலே போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளறை வாசலில் மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

உள்ளே ஹம்சினியின் குரல். எழுத்துக் கூட்டிக் கூட்டி... தமிழில். யாரும் அவளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்ததில்லை. கையில் முதல் பாகம்.

பக்கம் முடிந்தது. குரல் நின்றது.

சளக்.

தாள் புரண்டது.

பிறகு அந்த அறையிலிருந்து, நாக்கில்லாத ஒரு தொண்டை கொழகொழவென்று ஏதோ கேட்டது... "அப்புறம்?" என்று கேட்கத்தான் முயன்றது.