வலது காதில் அம்மா

என் தங்கையின் திருமணம் 1998இல் நடந்தது. அம்மா 2002இல் காலமானார். தங்கை அந்தச் சின்னப் பாட்டுக் கருவியை வாங்கியது 2006இல். செப்டம்பர் என்பது என் நினைவு. அக்டோபர் என்கிறாள் அவள். நான் சொல்லப்போகும் நாளில் பஸ்ஸுக்குள் மழை ஒழுகியது. அதனால் அக்டோபருக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தாள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறவேண்டும். வழியில் பாட்டுக் கேட்கத்தான் பெருவிரல் அளவிலான அந்தக் கருவி. அதை என்னிடம் கொடுத்தபோது, கூடவே தன் கல்யாண வி.சி.டி.யையும் கொடுத்தாள்.

"இதுல இருக்கிற சத்தத்தை மட்டும் பிரிச்சு இதுல ஏத்தித் தருவியாண்ணா?"

"எல்லாம் சினிமாப் பாட்டுதானேம்மா. தனியா கேசட்டே கிடைக்குமே."

"பாட்டு யாருக்கு வேணும்? அம்மா ஜெபம் பண்ற இடம் இருக்கு பாரு, அங்க பாட்டுக்கு அடியில ஏதாவது கேக்குதான்னு பாரு. அன்னிக்கு நான் அழுதுக்கிட்டே இருந்தேன். அம்மா இன்னா சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை காதுல விழல."

எங்கள் கிறிஸ்தவ வீடுகளில், மணப்பெண் கோயிலுக்குக் கிளம்புமுன் எல்லாரும் கூடத்தில் நிற்க, தாய் ஜெபம் செய்வது வழக்கம். வீடியோவில் அந்தக் காட்சி உண்டு. அம்மா கண்ணை மூடியிருப்பார், உதடுகள் அசையும். கேட்பதோ ஒரு காதல் டூயட். அக்காலத்து வீடியோக்காரர்கள் எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் பாட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு திருமண நாளிலும் அதைப் போட்டுப் பார்ப்போம். அந்த இடம் வந்ததும் தங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மேல்விஷாரத்தில் நான் வேலை பார்த்த தோல் மண்டி ஆபீசுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்திய பாய் வி.சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாண வீடியோவா சார்? பேச்சை அழிச்சிட்டுத்தான் பாட்டு போடுவானுங்க. ஜாஸ்தி ஆசை வெக்காதீங்க."

சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார். வி.சி.டி.யில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் தனிக் கோப்பாக்கி, கருவியில் போட்டுக் கொடுத்தார். ஆளுக்கொரு பாட்டு வைத்துச் சண்டை வருகிறதென்று கடையில் அவர் ஸ்பீக்கர் வைப்பதில்லை. எனவே வேலை முடிந்து வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்தபிறகே இயர்போனை மாட்டினேன்.

இடது காதில் அதே டூயட். வலது காதில் பாத்திரம் உருளும் சத்தம், யாரோ பூக்கூடையைக் கேட்டுக் கத்துவது, பிறகு எல்லாரும் அடங்கி, அம்மா.

பக்கத்து இருக்கைக்காரர், "இன்னா சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மழைச்சாரல் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் டிவியின் பின்புறத்தைப் பார்த்தேன். எங்கள் பழைய டிவியில் ஒலிக்கு ஒரே துளைதான். பிளேயரிலிருந்து வந்த, படத்துக்கான மஞ்சள் ஒயரையும் இடது பக்க ஒலிக்கான வெள்ளை ஒயரையும் செருகியிருந்தோம். வலது பக்க ஒலியைக் கொண்டுவரும் சிவப்புக்கு இடமில்லை. ஆடாமலிருக்க அதை ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி வைத்திருந்தேன். அத்தனை வருடமும் அம்மா அதற்குள் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை தங்கையின் வலது காதில் இயர்போனை நானே வைத்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டவள், திடீரென்று சிரித்துவிட்டாள். நான் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்த இடம் அது: "ஆண்டவரே, இந்தப் பிள்ளை காலையில சீக்கிரம் எழுந்திருக்க மாட்டா. அவங்க வீட்ல பொறுத்துக்கிற மனசைக் குடுங்க."

"பாத்தியாண்ணா! ஊரே தூங்கும்போது எழுந்து பஸ் புடிக்கிறேன். அம்மா எம்மேல வெச்ச நம்பிக்கை இவ்ளோதான்!" என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

பாயைக் கேட்டால் பாட்டை எடுத்துவிட்டு இரண்டு காதிலும் அம்மா குரலே வரும்படி செய்து தருவார் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பாட்டும் இருக்கட்டும். கல்யாண வீடு மாதிரி இருக்கு."

குரலை அழிக்காமல் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்த அந்த வீடியோக்காரரை நன்றி சொல்லத் தேடிப் போனேன். ஸ்டூடியோ இருந்த இடத்தில் செருப்புக் கடை இருந்தது. பாய்க்கு மட்டும் சொல்ல முடிந்தது.

"நான் இன்னா சார் பண்ணேன்?" என்றவர், இயர்போனை வாங்கி வலது காதில் வைத்துக் கடைசிவரை கேட்டார். ஜெபம் முடிந்த இடத்தில், கூடத்திலிருந்த எல்லாரோடும் சேர்ந்து, மெதுவாக "ஆமீன்" என்றார்.