தம்பிக்குப் போட்ட ஜாமீன்

மாவு மில் நடத்துகிறவளைத் தெருவில் எல்லோரும் மில்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வாய் கொஞ்சம் நீளம். கோதுமையைப் புடைக்காமல் கொண்டுவந்தால், கல்லை அரைக்க இது குவாரி இல்லை என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மிளகாய் கொண்டுவருகிறவர்கள் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் மிளகாயைப் போட்டால் அடுத்தவர் மாவில் காரம் ஏறிவிடும். இதில் மட்டும் அமைச்சரே வந்தாலும் மாற்றம் கிடையாது. கணவன் இறந்தபோது அங்கே இருந்தது ஒரு பழைய மோட்டாரும் ஒழுகுகிற கூரையும்தான். கடனை உடனை வாங்கி அதை ஒரு மில்லாக நிமிர்த்தியவள் அவள்.

பிள்ளை இல்லை. அந்த இடத்தில் தம்பி இருந்தான். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தாள். நகராட்சியில் தண்ணீர் வரி வசூலிக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. பொதுப்பணம் புழங்குகிற வேலை என்பதால் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பத்திரத்தில் உள்ளதை விளக்கிச் சொல்ல வந்த குமாஸ்தாவை அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

"என் தம்பிக்கு நான் போடாம எதிர்வீட்டுக்காரனா போடுவான்? எங்க போடணும், அதச் சொல்லுங்க."

தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லித் திட்டியாவது மனசு ஆறியிருக்கும். அவனுக்கு இருந்தது இளகின மனசு. வரி கட்டாத வீட்டுக் குழாயைப் பத்தாம் தேதி அடைத்துவிடுவார்கள். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்று யாராவது கண்ணைக் கசக்கினால், பணம் வாங்காமலே ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிடுவான். அந்தக் குறையை அடுத்த தெரு வசூலை வைத்து நிரப்புவான். அடுத்த தெருவின் குறையை அதற்கடுத்த தெருவை வைத்து. ஆரம்பத்தில் சிலர் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். போகப்போக, ரசீது கைக்கு வந்தவர்களுக்கு ஞாபகமறதியும் கூடவே வந்தது.

மில்லுக்கு எட்டாத செய்தி ஊரில் ஏது? மில்லக்கா நேராக நகராட்சிக்குப் போனாள். மேலாளர் மெதுவாகப் பேசுகிற மனிதர். விருப்பமில்லை என்றால் எழுதிக் கொடுத்து ஜாமீனிலிருந்து விலகிக்கொள்ளலாம், அதுவரை விழுந்த குறைக்குத்தான் அவள் பொறுப்பு, இனிமேல் விழுவதற்கு இல்லை என்றார். ஆனால் தம்பி அன்றைக்கே வசூல் பையை ஒப்படைக்க வேண்டும். வேறு ஜாமீன்தாரர் கிடைத்தால்தான் மறுபடி வேலை. அவனுக்கு வேறு யார் போடுவார்கள்? அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சோறு போட்டுக்கொண்டே கிழி கிழி என்று கிழித்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, "இனிமே இல்லக்கா" என்றான். அவள் நம்பினாள்.

தணிக்கை வந்தபோது குறை மில்லின் விலைக்கு ஏறியிருந்தது. மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாடகை வீட்டில் இருக்கிறவனிடம் எடுக்க என்ன இருக்கிறது? நோட்டீஸ் மில்லுக்கு வந்தது. முதலில் அவனிடம் கேட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று அவள் வாதாடிப் பார்த்தாள். இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் கேட்கலாம் என்று பத்திரத்திலேயே இருக்கிறது என்றார் மேலாளர். குமாஸ்தாவைப் பாதியில் நிறுத்தியது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும். முழுதாகக் கட்டினால் வேலை போவதோடு முடியும், இல்லாவிட்டால் ஜெயில்தான் என்றும் அவர் சொன்னார்.

அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோரும் ரசீதைக் காட்டினார்கள். அவளிடமே வருஷக்கணக்கில் கடனுக்கு மாவு அரைத்த எதிர்வீட்டுக்காரி, "பணம் கட்டாமலா ரசீது குடுப்பாங்கக்கா?" என்று முகம் மாறாமல் கேட்டாள். செருப்புத் தைப்பவர் ஒருவர் மட்டும் உள்ளே போய், தன் பாக்கியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

குறையைக் கட்ட அவள் விற்ற மில்லைத் தானியக் கடைக்காரர் ஒருவர் வாங்கினார். அவருக்கு அரவைக் கல்லைக் கொத்தி மறுபடி பொருத்தத் தெரியாது. அதனால் மில்லக்காவையே கூலிக்கு வைத்துக்கொண்டார். முதல் நாள் காலையிலேயே யாரோ கொண்டுவந்த மிளகாயைக் கொட்டச் சொன்னார். அவள் கொட்டினாள்.

தம்பியை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏற்கெனவே உடைந்து கிடக்கிறவனை நாமும் எதற்கு மிதிக்க வேண்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். போனது மில்தானே, தம்பி வெளியில் இருக்கிறான், அது போதும் என்றிருந்தாள். ஆனால் அவன் வரவில்லை. சந்தையில் மூட்டை தூக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டாள். ஒருநாள் எதிரே வந்தவன் அவளைக் கண்டதும் சந்துக்குள் திரும்பிவிட்டான். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. மில் போனபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது.

கடைசியில் அவளே அவன் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவள் குரல் கேட்டதும் பின்கதவுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. தம்பி மனைவி தட்டை மறைத்தாற்போல் நின்றாள்.

"மில்லு போனதப் பத்தி நான் எதுவும் நினைக்கலன்னு அவன்கிட்ட சொல்லும்மா. வரச் சொல்லு."

"தெரியும்க்கா," என்றாள் அவள். "நீங்க நாலு வார்த்த திட்டியிருந்தா அப்பவே வந்து கால்ல விழுந்திருப்பாரு. அக்கா என்னைத் திட்டக்கூட இல்லயே, என்னை விட்டுட்டாங்கன்னுதான் தினம் அழறாரு."

மில்லக்கா பின்கட்டுக்குப் போனாள். கொல்லைச் சுவரை ஒட்டி, எச்சில் கையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நின்றிருந்தான். அவள் பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயில் வருவதையெல்லாம் சொல்லித் திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். "டேய்" என்பதற்கு மேல் அவளுக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவன் திரும்பவும் இல்லை.