ஆர்டர் வருமா, சாமி?

என் அப்பாவுக்கு வலிப்பு வந்தபோது எங்கள் சந்துக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டவர்களின் பூஜை அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டு வாசலில் நடந்தது. அவர்தான் குருசாமி. பாட்டு உச்சத்தில் இருந்த நேரம், பச்சை வேட்டியோடு முன்வரிசையில் நின்ற அப்பா திடீரென விறைத்தார். கண் மேலே செருகியது. சாய்ந்து விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. "அரோகரா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜால்ரா நிற்கவில்லை, இன்னும் வேகமானது.

பெரியப்பா கற்பூரத் தட்டோடு குனிந்தார். "வந்திருக்கறது ஆருங்க சாமி?"

அப்பா வாயில் நுரை.

"இந்த வருசம் ஆர்டர் வருமா, சாமி?"

பெரியப்பா சின்னதாக ஒரு யூனிட் வைத்து, பெரிய பனியன் கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் வாங்கித் தைத்துக் கொடுப்பவர். ஆர்டர் இல்லாமல் பாதி மெஷின் துணி மூடிக் கிடந்த சமயம் அது. அவர் கவலை அவருக்கு. ஆனால் தன் உடன்பிறந்த தம்பி தரையில் நாக்கைக் கடித்துக்கொண்டு துடிக்கும்போது கேட்கிற கேள்வியா?

நுரையில் சிவப்பு கலந்ததைப் பார்த்ததும் நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். "சாமி இல்லீங்க, ஃபிட்ஸு! ஆட்டோ கூப்புடுங்க!" என்று கத்தினேன். "அம்மிணி, சாமியத் தொடாத, தூரப் போ" என்றார் பெரியப்பா. நான் போகவில்லை.

அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் டெய்லர். நல்ல டெய்லர். குடியும் உண்டு. ராத்திரி மட்டும் குடித்தவர், பிறகு மதியமும், கடைசியில் காலையில் எழுந்ததும் என்று ஆனார். வெறும் வயிற்றில் ஒரு மடக்கு உள்ளே போனால்தான் ஊசியில் நூல் கோக்கக் கை நிற்கும். இது கம்பெனிக்கும் தெரியும், சந்துக்கும் தெரியும். யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. கொழுப்பு என்றார்கள். எங்கள் பக்கம் கொழுப்புக்கு ஒரே வைத்தியம் மாலைதான். மாலை போட்டவனை ஒருவரும் குடிக்கக் கூப்பிட மாட்டார்கள், நேற்றுவரை வாடா போடா என்றவர்களும் சாமி என்பார்கள். அந்த மரியாதை ஒரு மனிதனை நிமிர்த்தும் என்பதை நான் மறுக்கவில்லை. அப்பாவும் நிமிர்ந்தார். ஒரே ராத்திரியில் மொத்தமாக நிறுத்தினார். சந்தே மெச்சியது.

மறுநாளே கை உதறத் தொடங்கிவிட்டது. சட்டை நனைய வியர்வை, குமட்டல், கண்ணில் தூக்கமே இல்லை. "விரதம் புடிக்குது" என்றார்கள். "முருகன் சோதிக்கறான், தாங்கிக்கோ" என்றார்கள். அதற்கு அடுத்த நாள்தான் அந்தப் பூஜை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது எத்தனை வருஷமாக, எவ்வளவு, கடைசியாக எப்போது என்றுதான். அம்மா முந்திக்கொண்டு, "எப்பவாச்சும் விசேசத்துக்குங்க" என்றாள். குடும்ப மானம். நான் சொன்னேன்: "இல்லீங்க, தெனமும்ங்க. காலைலயே ஆரம்பிச்சுருவாருங்க. மாலை போட்டதுல இருந்து சொட்டுத் தொடலைங்க." அம்மா என் கையைக் கிள்ளினாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இத மறைச்சிருந்தா நாங்க வேற எதையோ தேடிக்கிட்டு இருந்திருப்போம்மா. உடம்பு சாராயத்துக்குப் பழகிப் போச்சு. படக்குன்னு நிறுத்துனா நரம்பு தறிகெட்டு ஓடும். ஃபிட்ஸ் வரும், புத்தி கலங்கும், உயிரே போகலாம். நிறுத்த வேண்டியதுதான். ஆனா இங்க வந்து நிறுத்தணும்."

எங்கள் எதிர்வீட்டில், பக்கத்துச் சந்தில், எத்தனை பேர் மாலை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒருவர் மூன்றாம் நாள் பிதற்றிப் பிதற்றிச் செத்தார். சாமி குத்தம் என்று பேசினார்கள், அந்த வீட்டுப் பெண்ணின் தீட்டு பட்டிருக்கும் என்று நாள் கணக்குப் பார்த்தார்கள். பாட்டில்மேல் குடித்தால் கேடு என்று எழுதியிருக்கிறது. ஊறிப்போனவன் தானாகச் சட்டென்று நிறுத்தினாலும் கேடு என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், பட்டம் வாங்கியவளும் நான்தான். எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

அந்த வார்டில் என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் பயந்து ஓடுகிறார்கள். அதனால் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் ஊசி வழியாக வைட்டமின் ஏற்றினார்கள், அதற்குப் பிறகே குளுக்கோஸ். நடுக்கத்தை அடக்க மாத்திரை. அடிக்கடி வந்து நாடி, பிரஷர், காய்ச்சல் பார்த்தார்கள். கையை நீட்டச் சொல்லி எவ்வளவு நடுங்குகிறது என்று பார்ப்பார்கள். "இது எந்த ஊரு? இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பார்கள். பதிலைப் பொறுத்து மருந்தைக் கூட்டினார்கள், தெளியத் தெளியக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அங்கே யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை, குடிகாரன் என்று கூப்பிடவில்லை. திட்டியதெல்லாம் பார்க்க வந்த சொந்தக்காரர்கள்தான்.

தெளிவதற்கு முன்னால் கலக்கம் முற்றியது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கினார். போர்வையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, இல்லாத ஊசிக்கு அடியில் நேராகத் தள்ளிக்கொண்டே இருந்தார். வலது கால் இரும்புக் கட்டிலில் பெடலை மிதித்தது. "பீஸ் எங்க? பீஸ எடுத்துக் குடுங்க, லைன் நிக்குது" என்று அதட்டினார். டெய்லருக்குப் பீஸ் எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கும் ஆளை நாங்கள் கைமடி என்போம். அப்பாவுக்குப் பல வருஷம் கைமடியாக இருந்தவள் அம்மா. அவள் அழுதுகொண்டே போர்வையை மடித்து மடித்து அவர் கையில் கொடுத்தாள். வாங்கித் தைத்தார்.

பண்டல் எடுக்க எழுந்து விழப் பார்த்தார், ட்ரிப்ஸைப் பிடுங்கினார். மெத்தென்ற துணியால் கையைத் தளர்வாகக் கட்டினார்கள். நான் நர்ஸக்காவிடம் சண்டைக்குப் போனேன். அவர் தூத்துக்குடிப் பக்கம். "கட்டிப் போட எனக்கு என்ன ஆசையா, தாயி? விழுந்து மண்டைய உடைச்சாருன்னா என்னயத்தான கேப்பிய? அமைதியாயிட்டாருன்னா நானே அவுத்து விடுதேன். அந்த மாலையக் கழட்டுங்கன்னு வந்ததுலேருந்து சொல்லுதேன், ஒருத்தரும் கேக்க மாட்டிக்கிய."

மாலையைக் கழற்ற அம்மா விடவில்லை. அதைக் குருசாமி கையால்தான் கழற்ற வேண்டும். பெண் கைபட்டால் குடும்பத்துக்கு ஆகாது.

குருசாமி வந்தார். பழனிக்குக் கிளம்பும் அவசரம். கட்டிலில் தைத்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து முகம் சுளித்தார். "மாலையோட இங்க கெடக்கறதே தீட்டு. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம், எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்தா தெளிஞ்சுருவான்."

"இப்பக் கூட்டிட்டுப் போனா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, பெரீப்பா."

"இத்தன வருசம் குடிச்சுச் சாகாதவன், நிறுத்துனதுக்கா சாவான்?"

"ஆமாங்க. நிறுத்துனதுக்குத்தான்."

"படிச்ச திமிரு."

"ஆமாங்க. அந்தத் திமிருக்குத்தான் எங்கப்பா ராப்பகலாத் தெச்சாரு."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. கெளப்பலாமா?"

அப்போது அப்பா ஒரு கையைத் துணிக்கட்டிலிருந்து உருவிக்கொண்டார். நூல் சிக்கிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மாலையை விரலில் சுற்றி இழுத்தார். இழுக்க இழுக்க மணிகள் கழுத்தில் புதைந்தன. "நூலு... நூல வெட்டு" என்று திணறினார். பெரியப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அன்றைக்குப் போலவே மறுபடியும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்! நான் நர்ஸக்காவின் ட்ரேயிலிருந்த கத்தரியை எடுத்து மாலையை வெட்டினேன். மணிகள் தரையெங்கும் உருண்டன.

"பொட்டப்புள்ள மாலைய அறுத்துப்போட்டா! இந்தக் குடும்பம் வெளங்குமா?" என்று பெரியப்பா வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

அம்மா கீழே உட்கார்ந்து மணிகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். எழுந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "எம் புள்ள சொல்றதுதானுங்க. நீங்க பொறப்படுங்க."

பிறகு காய்ச்சல் இறங்கியது. அப்பா நீண்ட தூக்கம் தூங்கினார். விழித்ததும், "இதென்ன கண்ணு, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தோம். கழுத்தைத் தடவிப் பார்த்தார். "மாலை?"

"நான்தானுங்கப்பா வெட்டுனேன்."

"நூலு சிக்குனா வெட்டத்தான் வேணும்" என்றார். அவருக்கு எவ்வளவு நினைவிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: உடம்பு மட்டும்தான் சுத்தமாகியிருக்கிறது, ஆசை திரும்பி வரும், மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, கவுன்சிலிங்குக்கு வர வேண்டும், தவறிக் குடித்துவிட்டாலும் ஒளியாமல் வர வேண்டும். அப்பா இதுவரை போய்க்கொண்டிருக்கிறார். நாளைக்கு என்ன என்று நான் எழுத மாட்டேன். இன்றைக்கு அவர் கை ஊசியில் நூல் கோக்கிறது.

அப்பா வீடு திரும்பிய சில நாளிலேயே, பழனிக்குப் போய் வந்த பெரியப்பா பஞ்சாமிர்த டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். மாலை அறுந்ததை மறந்தவர்போல, "முருகன்தான் உன்னயக் காப்பாத்துனான். அன்னைக்கு உம் மேல வந்தானே, அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அப்பா கையமர்த்தினார்.

"ஏனுங்கண்ணா, நான் விழுந்து கெடந்தப்ப எங்கிட்ட என்னமோ கேட்டீங்களாமா?"

"அது... சாமிகிட்டக் கேட்டேன்."

"சாமி நாக்கக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. பதில் சொல்ல முடியல." அப்பா பஞ்சாமிர்தத்தை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னும் ஆறாத இடத்தில் பட்டிருக்க வேண்டும், முகம் சுருங்கியது. பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"ஆர்டர் வந்துச்சுங்களா?"