முழுக்கு நின்றுபோன ஞாயிறு

எனக்குப் பதினோரு வயதானபோது, நான் பரலோகத்துக்குப் போகத் தகுந்தவளா இல்லையா என்பதைச் சபையார் கைதூக்கி முடிவு செய்வதாக இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த வருடங்கள் அவை. யார் இந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதைக் கொழும்பில் யாரோ தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். பரலோகத்தைச் சேர்ந்தவர்கள் யார் என்ற விசாரணை மட்டும் லிந்துலைக்கு மேலே, ஆற்றங்கரையில் இருந்த ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது.

அதுதான் எங்கள் பாப்டிஸ்ட் சபை. மொத்தம் ஏழு குடும்பங்கள். குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானமே இல்லை என்பார்கள். விவரம் தெரிந்த வயதில் விசுவாசத்தை வாயால் சொல்லி, ஆற்றில் முழுகி எழுந்தவர்களுக்கே திருவிருந்து. வேறு சபைக்காரர் யாராவது வந்து உட்கார்ந்தால் அப்பத்தட்டு அவரைத் தாண்டிப் போய்விடும். இவற்றையெல்லாம்விடக் கடுமையானது ஒன்று உண்டு. யார் யாரை இரட்சிப்பது என்று கடவுள் உலகத்தைப் படைக்கும் முன்பே தேர்ந்தெடுத்து முடித்துவிட்டாராம். மற்றவர்கள் எவ்வளவு அழுது புரண்டாலும் பயனில்லை.

அப்பா அந்தச் சபையின் மூப்பர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை. நான் பிறப்பதற்கு முன் சனிக்கிழமைகளில் அவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் போடுவார்களாம். சாராயத்தை விடவைத்தது சபைதான். அந்த நன்றிக்காக அவர் சபை சொன்னதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் செய்தார். அதே லயத்தின் கடைசி வீட்டில் இருந்த பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, மாரியம்மனைக் கும்பிடுகிறவள் என்பதால் அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு நிச்சயம் வரும் என்றார்கள். எனக்கு வரவில்லை. பாத்திரம் கழுவும்போதும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போதும் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுக்கு நெருங்க நெருங்கப் பயம்தான் வந்தது. கடைசியில், போன வருடம் முழுகிய அக்கா ஒருத்தி சொன்ன சாட்சியை மனப்பாடம் செய்துகொண்டேன். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது உட்பட. கேள்வி பதில்களை அப்பாவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

முழுக்கு ஞாயிறன்று மூடுபனி. வெள்ளைக் கவுனில் நான் நடுங்கிக்கொண்டு கொட்டகைக்குள் சபையார் முன்னால் நின்றேன். ஹட்டனிலிருந்து வந்திருந்த போதகர் கேட்கக் கேட்கப் பதில் சொன்னேன். தழுதழுக்க வேண்டிய இடத்தில் சரியாகவே தழுதழுத்தேன். சபையாருக்குப் பரம திருப்தி.

பெரியம்மா சன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். முழுகி எழுந்ததும் எனக்குக் குளிருமே என்று ஒரு கையில் கம்பளியும் மறு கையில் இஞ்சி தட்டிப்போட்ட, பால் சேர்க்காத பிளேன்டீயுமாக வந்திருந்தாள். போதகர் அவளைப் பார்த்துவிட்டார்.

"கடைசியா ஒரு கேள்வி. ஒங்க பெரியம்மா இன்னைக்கே செத்துப்போனா எங்க போவாங்க?"

அந்தப் பதிலும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தைதான். நான் பெரியம்மாவின் கையிலிருந்த கம்பளியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பாட்டு மறந்து நிற்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பெரியம்மா சன்னல் வழியே தலையை ஆட்டினாள்.

"சொல்லு தாயி. பயப்படாம சொல்லு."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் எழுந்துவிட்டார்.

"பாஸ்டரய்யா, அத அவகிட்ட கேக்காதீங்க. சொல்லிக்குடுத்தவன் நான். எங்கிட்ட கேளுங்க."

"சரி, நீங்களே சொல்லுங்க மூப்பரே."

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா? இவ்வளவு வருசமா நீங்கதானே இங்க எல்லாருக்கும் சொன்னீங்க?"

"சொன்னேங்க. தப்பாச் சொல்லிட்டேன்." அப்பாவின் கை பெஞ்சை இறுகப் பிடித்திருந்தது. "என் பொஞ்சாதி காய்ச்சல்ல கெடந்தப்ப இந்தப் புள்ளைக்கு நாலு மாசம் பால் குடுத்தது அவங்க. அவங்கள வெளிய நிறுத்திட்டு நான் உள்ள ஒக்காந்திருக்கேன். மனுசன் எனக்கே கூசுது. கடவுளுக்குக் கூசாதுங்களா?"

போதகர் கோபப்படவில்லை. பாவம், நல்ல மனிதர்தான். "குயவன் கையில இருக்கிற பானை நாமெல்லாம். பானை குயவனக் கேள்வி கேக்கலாமா?" என்றார் மெதுவாக.

"பானை கேக்காதுங்க. ஆனா ஒடைக்கிறதுக்குன்னே பானை செய்யிற குயவன நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல." அதன் பிறகு அப்பாவின் குரல் மாறிவிட்டது. "எங்கப்பா சபையில சேராமலே செத்தப்ப ஒரு பிடி மண்ணு போட நான் போகல. எரியிற எடத்துக்குப் போறவருக்கு மண்ணு எதுக்குன்னு நெனச்சேன். யாரும் என்னக் கட்டிவைக்கல. நானா நெனச்சேன்."

தாத்தாவைப் பற்றி அப்பா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வா புள்ள" என்று என் கையைப் பிடித்தார். நாங்கள் திரும்பிய நேரத்தில் அம்மா எங்களுக்கு முன்பே வாசலைத் தாண்டியிருந்தாள். இத்தனை வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

நனையாத என்மேல் பெரியம்மா கம்பளியைப் போர்த்தினாள். "முழுக்கு இல்லியா? நல்லதாப் போச்சு. தண்ணி ஐஸா இருக்கு" என்றாள். தகரச் சுவர் எதையும் மறைக்காது. அவள் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல், "மதினி, எனக்கும் ஒரு வாய் குடுங்க" என்று கையை நீட்டினார்.

வியாழக்கிழமை போதகர் இரண்டு பேரோடு வந்து, அப்பாவைச் சபையிலிருந்து நீக்கியதாக ஒரு கடிதத்தை வாசித்தார். அப்பா வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வசனத்துக்கு வசனம் வாதாடினார். ஒருவரும் அசையவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் கடைசியில் அவர்களைக் குடைபிடித்து ரோடு வரை கொண்டுபோய் விட்டுவந்தார். இனி மறுபடியும் சாராயக் கடைக்குத்தான் போவார் என்று சிலர் ஆவலோடு காத்திருந்தார்கள். அவர் போகவேயில்லை.

அடுத்த ஞாயிறு காலையில் ஆற்றங்கரையிலிருந்து சபையின் பாட்டு மேலே ஏறி வந்தது. அப்பா பாயில் மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததில்லை. பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன்.

"தொடாத, தூங்கட்டும்" என்றாள் அம்மா. "சபையில சேந்த நாள்லேருந்து இந்த மனுசன் இப்பிடித் தூங்கிப் பாத்ததில்ல."

எனக்கு விளங்கவில்லை. ஆற்றில் இறங்க வேண்டியிருந்தவள் நான். தப்பித்தவளும் நான். இத்தனை நாளாக அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்றே அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.